தீர்க்கதரிசன நூல்களை எழுதியவர்கள் யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏசாயா புத்தகத்தை மூன்று பேர் எழுதியதாக ஒரு வேதாகம வகுப்பில் சொன்னார்கள். முதல் வசனத்திலேயே "ஆமோத்சின் குமாரனாகிய ஏசாயா" என்று இருக்கும்போது, எதை வைத்து மூன்று பேர் என்கிறார்கள்?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அந்த முதல் வசனத்திலிருந்தே தொடங்குவோம். உசியா, யோதாம், ஆகாஸ், எசேக்கியா என்று யூதாவின் நான்கு ராஜாக்களை அது குறிப்பிடுகிறது. அப்படியானால் ஏசாயாவின் காலம் ஏறக்குறைய கி.மு. 740 முதல் 701 வரை. அன்றைய வல்லரசு அசீரியா. 701-ல் அதன் ராஜா சனகெரிப் யூதாவின் லாகீசு நகரத்தைப் பிடித்து எருசலேமை நெருக்கியது 36, 37-ம் அதிகாரங்களில் இருக்கிறது. சனகெரிப்பின் களிமண் பட்டயமும் அதே படையெடுப்பைச் சொல்கிறது. எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள் அடைத்துவைத்ததாகப் பெருமை பேசுகிறது. நகரத்தைப் பிடித்ததாக அதில் ஒரு வரியும் இல்லை.

40-ம் அதிகாரத்தில் நுழைந்தால் உலகமே மாறியிருக்கிறது. எருசலேம் ஏற்கெனவே பாழாய்க் கிடக்கிறது (44:26). ஆலயத்துக்கு இனிமேல்தான் அஸ்திபாரம் போட வேண்டும் (44:28). ஜனங்கள் பாபிலோனில் இருக்கிறார்கள்; அங்கிருந்து புறப்படுங்கள் என்கிறது 48:20. பெர்சிய ராஜா கோரேசின் பெயர் 44:28-லும் 45:1-லும் நேரடியாக வருகிறது. கோரேஸ் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539-ல். ஏசாயாவுக்கும் அவருக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இன்னொன்றையும் நீங்களே எண்ணிப் பார்க்கலாம்: ஏசாயாவின் பெயர் இந்தப் புத்தகத்தில் 16 தடவை வருகிறது, அந்தப் பதினாறும் 1:1-க்கும் 39:8-க்கும் உள்ளேயே முடிந்துவிடுகின்றன.

56-ம் அதிகாரத்திலிருந்து காட்சி மறுபடி மாறுகிறது. பேச்சு யூதாவில் நடக்கிறது. ஓய்வுநாள், உபவாசம், அந்நியரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பவை அங்கே விவாதப் பொருள்கள். அதனால் 1–39, 40–55, 56–66 என்று மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். 40-க்குப் பின் வேறு குரல் பேசுகிறது என்பதை 12-ம் நூற்றாண்டிலேயே யூத உரையாசிரியர் இபன் எஸ்ரா மறைமுகமாகச் சுட்டினார். 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர்கள் அதை வெளிப்படையாக எழுதினார்கள். மூன்றாவது பகுதியைத் தனியே பிரித்தவர் பெர்ன்ஹார்ட் டூம், 1892-ல் வந்த தம் உரையில்.

"கடவுள் கோரேசின் பெயரை முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாதம் அந்த ஒரு பெயரின் மேல் நிற்கவில்லை. 40 முதல் 55 வரை சிறையிருப்பு வரப்போவதாக எங்கும் அறிவிக்கப்படவில்லை. அது வந்து, நீண்டு, சலித்துப்போன மக்களிடம் ஆறுதல் பேசப்படுகிறது. முன்னறிவிப்பு வேறு, ஏற்கெனவே நடந்துவிட்டதைத் தரையாகக் கொண்டு அதன்மேல் நின்று பேசுவது வேறு. இந்த வித்தியாசத்தைத் தவறவிடுவதால்தான் இந்த விவாதம் வீணான சண்டையாகிவிடுகிறது.

ஒரே ஆசிரியர் என்பவர்களிடமும் கவனிக்க வேண்டிய சான்றுகள் உண்டு. "இஸ்ரவேலின் பரிசுத்தர்" என்ற பெயர் புத்தகத்தின் இரு பாதிகளிலும் ஏறக்குறைய சமமாக வருகிறது. வேதாகமத்தின் மற்ற இடங்களில் அபூர்வம். யோவான் 12:38–41, ஏசாயா 53-ஐயும் 6-ஐயும் ஒரே பெயரில் எடுத்தாளுகிறது. பெரும்பாலான ஆய்வாளர்களின் விளக்கம் இது: பின்னால் வந்தவர்கள் ஏசாயாவின் சொற்களைப் படித்து ஊறிப்போய், அவருடைய மொழியிலேயே தொடர்ந்தார்கள், சுருள் முழுவதும் அவர் பெயரால் வழங்கியது. எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஒரு எச்சரிக்கை. 1–39 முழுவதும் ஏசாயாவுடையது என்றும் நினைத்துவிட வேண்டாம். 13-ம் அதிகாரம் பாபிலோனின் வீழ்ச்சியையும் மேதியரையும் பேசுகிறது. 36–39 பெரும்பாலும் 2 இராஜாக்கள் 18–20-ஓடு வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எசேக்கியா கப்பம் கட்டிய செய்தி (2 இராஜாக்கள் 18:14–16) ஏசாயாவில் விடுபட்டிருக்கிறது. ஏசாயா 38:9–20-ல் உள்ள எசேக்கியாவின் பாட்டு இராஜாக்களில் இல்லை. தொகுத்தவரின் கை இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும்.

கேள்வி: சாக்கடல் குகையில் கிடைத்த ஏசாயா சுருளில் 39-க்கும் 40-க்கும் நடுவே இடைவெளியே இல்லையாம். ஒரே ஆசிரியர் என்பதற்கு அது போதாதா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: போதாது. 1947-ல் கும்ரானில் கிடைத்த அந்தப் பெரிய சுருள் 7.34 மீட்டர் நீளம். 17 தோல்களைத் தைத்து, 54 பத்திகளில் (நெடுக்கான எழுத்து வரிசைகளில்) எழுதியது. எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் சொல்வது சரிதான்: 40-ம் அதிகாரம் 32-ம் பத்தியின் கடைசி வரியில் தொடங்கிவிடுகிறது. ஆனால் சுருளின் காலம் கி.மு. 2-ம் நூற்றாண்டு. பாபிலோன் சிறையிருப்பு முடிந்து நானூறு ஆண்டுகள் கழித்து எடுத்த பிரதி அது. அந்தக் காலத்தில் 66 அதிகாரங்களும் ஒரே புத்தகமாக இருந்தன என்பதை அது உறுதியாகச் சொல்கிறது. அதற்கு முன் புத்தகம் எப்படி உருவானது என்பதைச் சொல்ல அதனால் முடியாது.

இடைவெளியைத் தேடுகிறவர்கள் 27-ம் பத்தியைப் பார்க்க வேண்டும். 33-ம் அதிகாரம் முடிந்ததும் அங்கே மூன்று வரிகள் வெறுமையாக விடப்பட்டு, 34 புதுப் பத்தியில் தொடங்குகிறது. நெதர்லாந்தின் கிரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் 2021-ல் எழுத்து வடிவங்களைக் கணினியால் ஒப்பிட்டு, சுருளின் இரு பாதிகளையும் இரண்டு எழுத்தர்கள் எழுதியிருக்க வேண்டும் என்று காட்டினார்கள். கை மாறுவதும் அந்த இடத்தை ஒட்டித்தான். இது பிரதி எடுத்தவர்களைப் பற்றிய செய்தி. ஆசிரியர் எத்தனை பேர் என்பதோடு இதைக் கலக்கக் கூடாது.

அதே சுருளில் பிரதி எடுப்பதில் நேரும் வழக்கமான பிழை ஒன்றும் கண்ணெதிரே கிடைக்கிறது. 40:7-லும் 40:8-லும் "புல் உலர்ந்து பூ உதிரும்" என்ற சொற்கள் இரண்டு தடவை வருகின்றன. எழுத்தரின் கண் முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குத் தாவிவிட்டது. நடுவில் இருந்தது விடுபட்டது. பிறகு வேறொரு கை அதை வரிகளுக்கு மேலேயும் ஓரத்திலுமாக எழுதிச் சேர்த்திருக்கிறது. கர்த்தரின் திருப்பெயர் வர வேண்டிய இடத்தில் அந்தக் கை நான்கு புள்ளிகள் மட்டும் வைத்தது. கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்திலும் அதே துண்டு இல்லை. ஒரே மாதிரிச் சொற்கள் அடுத்தடுத்து வரும் இடங்களில் பிரதிகளுக்குள் வேறுபாடு தென்பட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் கண் தாவலை.

கேள்வி: கோரேசின் உருளையில் யூதர்களை விடுதலை செய்த கட்டளை எழுதியிருப்பதாகப் படித்தேன். உண்மையா?
— வாசகர், மதுரை

பதில்: இல்லை. 1879-ல் பாபிலோனில் எடுத்த அந்தக் களிமண் உருளையில் யூதாவோ எருசலேமோ குறிப்பிடப்படவில்லை. மெசொப்பொத்தாமியப் பகுதியின் தெய்வச் சிலைகளை அவற்றின் ஊர்களுக்குத் திருப்பி அனுப்பியதையும், மக்களைக் குடியேற்றியதையும் சொல்கிறது. எஸ்றா 1 சொல்வது அந்தப் பொதுக் கொள்கைக்கு ஒத்துவருகிறது, அவ்வளவே. ஏசாயா படிப்பவர்களுக்கு அதில் இன்னும் சுவையான ஒன்று உண்டு. பாபிலோனின் மர்தூக் தெய்வம் கோரேசின் கையைப் பிடித்து, பெயர் சொல்லி அழைத்ததாக உருளை கூறுகிறது. ஏசாயா 45:1–4-ல் கர்த்தர் கோரேசின் வலதுகையைப் பிடிக்கிறார், பெயர் சொல்லி அழைக்கிறார். கோரேசைப் பற்றி அன்று உலவிய பேச்சு எப்படி இருந்தது என்பதை அறிந்தவரின் மறுமொழிபோல அது ஒலிக்கிறது.

கேள்வி: எரேமியா சொல்லச் சொல்ல பாருக்கு எழுதினார் என்று 36-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்படியானால் எரேமியா புத்தகம் முழுவதும் பாருக்கு எழுதியதுதானே? அவருடைய முத்திரைகூடக் கிடைத்துவிட்டதாமே?
— வாசகர், திருச்சி

பதில்: தீர்க்கதரிசனப் புத்தகம் ஒன்று எப்படி உருவானது என்பதை வேதாகமமே திறந்துகாட்டும் இடம் அந்த 36-ம் அதிகாரம். அதை மெதுவாகப் படிக்க வேண்டும்.

யூதா ராஜா யோயாக்கீமின் நான்காம் ஆண்டில், அதாவது கி.மு. 605-ல், எரேமியா சொல்கிறார். நேரியாவின் மகன் பாருக்கு சுருளில் மையினால் எழுதுகிறார். இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வாயால் சொல்லிவந்தது அப்போதுதான் ஏட்டுக்கு வருகிறது. அடுத்த ஆண்டு ஒன்பதாம் மாதம், உபவாச நாளில், ஆலயத்தில் கெமரியாவின் அறையில் பாருக்கு வாசிக்கிறார். பிறகு பிரபுக்களுக்கு முன் ஒரு வாசிப்பு. பிறகு ராஜாவுக்கு முன் யெகுதி வாசிக்கிறார். மூன்று நாலு பத்திகள் வாசித்ததும் ராஜா அதைச் சூரிக்கத்தியால் அறுத்து, எதிரே எரிந்த கணப்பில் போடுகிறார். பாபிலோனிய நாளாகமத்தின்படி நேபுகாத்நேச்சார் அஸ்கலோனைப் பிடித்ததும் அதே ஆண்டு, அதே ஒன்பதாம் மாதம். அரண்மனை ஏன் அவ்வளவு பதற்றத்தில் இருந்தது என்பது புரியும்.

ஒரே நாளில் மூன்று தடவை வாசிக்க முடிந்ததால் அந்தச் சுருள் இன்றைய 52 அதிகாரங்கள் அளவுக்கு இருந்திருக்க முடியாது. எரித்த பின் இரண்டாம் சுருள் எழுதப்படுகிறது. அதில் இன்னும் பல வார்த்தைகள் சேர்க்கப்பட்டன என்று 36:32 சொல்லிவிடுகிறது. புத்தகம் வளர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை. 51-ம் அதிகாரத்தின் கடைசி வசனம், எரேமியாவின் வசனங்கள் இத்தோடு முடிந்தன என்கிறது; அதன் பிறகும் 52 இருக்கிறது. அது 2 இராஜாக்கள் 24:18 முதல் 25:30 வரை உள்ளதை ஏறக்குறைய அப்படியே எடுத்தது.

பாருக்கு தொழில்முறை எழுத்தர். 32-ம் அதிகாரத்தில் 17 சேக்கல் வெள்ளிக்கு எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கும்போது, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் மண்பாண்டத்தில் வைத்துக் காப்பாற்றும் பொறுப்பு அவரிடம் வருகிறது. 26 முதல் 45 வரை எரேமியாவைப் படர்க்கையில் சொல்லும் நிகழ்ச்சிகளில் அவருடைய கை இருக்கலாம். 1–25-ல் உள்ள கவிதைகளின் குரல் வேறு. 7-ம் அதிகாரத்து ஆலயப் பிரசங்கம் போன்ற நீண்ட உரைநடையின் தொனி உபாகமத்துக்கு மிக நெருக்கம்; அதை வடித்தவர்கள் பிற்கால எழுத்தர்கள் என்பது பெரும்பாலோர் கருத்து.

சான்று இதோடு முடியவில்லை. கிரேக்க எரேமியா எபிரேயத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. 33:14–26 அதில் கிடையாது. நம் வேதாகமத்தில் 46–51-ல் உள்ள அந்நிய தேசங்களைப் பற்றிய வாக்குகள் அங்கே 25:13-க்குப் பின்னால், வேறு வரிசையில் வருகின்றன. மொழிபெயர்த்தவர் சுருக்கிவிட்டார் என்றுதான் பலர் எண்ணியிருந்தார்கள். கும்ரானில் நான்காம் குகைத் துண்டுகள் கிடைத்த பிறகு நிலைமை மாறியது. அவற்றில் ஒன்று எபிரேயத்திலேயே குறுகிய வடிவத்தைக் காட்டுகிறது. 10-ம் அதிகாரத்தில் 6–8, 10 வசனங்கள் அதில் இல்லை, கிரேக்கத்திலும் இல்லை. நீண்ட வடிவத்தோடு ஒத்துப்போகும் துண்டும் அதே குகையில் கிடைத்தது. ஆக, இரண்டு எபிரேயப் பதிப்புகள் ஒரே காலத்தில் புழக்கத்தில் இருந்தன.

முத்திரைக்கு வருவோம். "எழுத்தர் நேரியாவின் மகன் பெரெகியா" (பாருக்கு என்பதன் முழு வடிவம்) என்ற களிமண் முத்திரைப்பதிவு 1975-ல் தலைகாட்டியது. அது அகழாய்வில் வந்ததில்லை. பழம்பொருள் சந்தையில் வந்தது. பின்னர் ஆய்வகத்தில் சோதித்தவர்கள் போலி என்று முடிவு சொன்னார்கள். அதை மேடையில் சான்றாகக் காட்டாமல் இருப்பது நல்லது. அதற்குப் பதிலாக, 1982-ல் எருசலேமின் தாவீதின் நகரம் பகுதியில் அகழாய்வில் கிடைத்த 51 முத்திரைப்பதிவுகளைச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்றில் "சாப்பானின் மகன் கெமரியா" என்று இருக்கிறது. பாருக்கு சுருளை வாசித்த அறைக்குச் சொந்தக்காரரின் பெயரும் தகப்பன் பெயரும் அதுவே (36:10). பாபிலோனியர் நகரத்தைக் கொளுத்திய நெருப்பில் ஆவணங்கள் சாம்பலாயின. அவற்றைக் கட்டிய களிமண் மட்டும் சுட்டுக் கெட்டிப்பட்டு மிஞ்சியது. எந்த மண் அடுக்கிலிருந்து ஒரு பொருள் வந்தது என்று கேட்காமல் எந்தக் கண்டுபிடிப்பையும் நம்பக் கூடாது.

கேள்வி: பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள், தொகுத்தார்கள் என்றால், தங்களுக்கு வசதியாக மாற்றியும் இருப்பார்களே? எதை நம்புவது?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: எசேக்கியேலைப் பாருங்கள். தீர்க்கதரிசிகளில் தேதி போடுவதில் மிகவும் கறாரானவர் அவர். யோயாக்கீன் ராஜா சிறைப்பட்டுப்போன ஆண்டிலிருந்து எண்ணுகிறார். முதல் தரிசனம் கி.மு. 593, கடைசித் தேதி 571. 26-ம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் தீருவை இடித்துக் கொள்ளையிடுவான் என்கிறார். நீண்ட முற்றுகைக்குப் பிறகும் அப்படி நடக்கவில்லை. 29:17–20-ல், 571-ம் ஆண்டுத் தேதியோடு, தீருவில் அவனுக்கும் அவன் சேனைக்கும் கூலி கிடைக்கவில்லை, அதற்குப் பதில் எகிப்தைக் கொடுப்பேன் என்று புது வாக்கு வருகிறது. வசதிக்கு மாற்றுகிறவர்கள் என்றால் முதலில் 26-ஐத் திருத்தியிருப்பார்கள். திருத்தவில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். புத்தகத்தின் தொடக்கத்திலும் இதே நேர்மை: 1:1-ல் "நான்" என்று எசேக்கியேல் பேசுகிறார், 1:2–3-ல் வேறொருவர் அவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார். தையல் தெரியும்படியே விட்டிருக்கிறார்கள்.

வாக்குகள் நினைவில் காக்கப்பட்டதற்கும் ஒரு சாட்சி உண்டு. எரேமியா 26:18-ல், நூறு ஆண்டுகளுக்கு முன் எசேக்கியா காலத்தில் மீகா சொன்னதை மூப்பர்கள் எடுத்துச் சொல்லி எரேமியாவைக் காப்பாற்றுகிறார்கள். அது மீகா 3:12 அப்படியே.

கேள்வி: தேதியே போடாத சிறு தீர்க்கதரிசிகளின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வேதாகமக் கல்லூரி மாணவர், கோவை

பதில்: முதலில், புத்தகம் எதை நடந்துமுடிந்ததாக எடுத்துக்கொள்கிறது என்று குறியுங்கள். ராஜா இருக்கிறாரா, அதிபதியா? ஆலயம் நிற்கிறதா? எதிரி யார்? திரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சிகளில் கடைசியானது எதுவோ, அதற்கு முன் அந்தப் பகுதி எழுதப்பட்டிருக்க முடியாது. இன்னும் நடக்காததாக எதைப் பேசுகிறதோ, அது அடுத்த எல்லை. நாகூம் இதற்கு அருமையான பாடம். 3:8–10 எகிப்தின் நோ அம்மோன் நகரம் விழுந்ததைச் சொல்கிறது, அது கி.மு. 663. நினிவே இன்னும் விழவில்லை. அது விழுந்தது 612. இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்குள் நாகூம்.

யோவேல் கடினம். ராஜா இல்லை, மூப்பரும் ஆசாரியரும் இருக்கிறார்கள், ஆலயத்தில் பலி நடக்கிறது, கிரேக்கருக்கு அடிமைகளை விற்றது பேசப்படுகிறது (3:6). இரண்டாம் ஆலயம் கட்டிமுடிந்த 515-க்குப் பிறகு என்பது பலரின் கணிப்பு. ஓசியாவுக்குப் பக்கத்தில் இருப்பதால் பழையது என்ற வாதம் பலவீனமானது. கிரேக்க வரிசையில் யோவேல் நான்காவது.

பிழை நேரும் இடம் இரண்டு. ராஜாவைச் சொல்லவில்லை என்பதால் ராஜாவே இல்லை என்று முடிவுகட்டுவது ஒன்று. ஒரு வசனத்தின் காலத்தைப் புத்தகம் முழுவதற்கும் பூசுவது மற்றொன்று. ஏசாயா 2:2–4-ம் மீகா 4:1–3-ம் ஒரே பாடல். ஒபதியாவின் முதல் பாதி எரேமியா 49-ல் இருக்கிறது. எப்போதும் பகுதிக்குத்தான் காலம் கேளுங்கள், புத்தகத்துக்குக் கேட்காதீர்கள்.

கேள்வி: யூதர்களின் வேதாகமத்தில் தானியேல் தீர்க்கதரிசிகளோடு இல்லையாமே?
— வாசகர், சென்னை

பதில்: ஆம். அவர்களுடைய வரிசையில் ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், பன்னிருவர் (சிறு தீர்க்கதரிசிகள்) என்று நான்கு சுருள்கள். தானியேல் மூன்றாம் பிரிவான எழுத்துகளில், எஸ்தருக்கும் எஸ்றாவுக்கும் நடுவே. கி.மு. 180 வாக்கில் எழுதப்பட்ட சீராக்கின் ஞானம் என்ற யூத நூல் முன்னோர்களைப் புகழும்போது மற்றவர்களையும் "பன்னிரண்டு தீர்க்கதரிசிகளையும்" சொல்கிறது; தானியேலைச் சொல்லவில்லை. 11-ம் அதிகாரம் எகிப்திய, சீரிய ராஜாக்களின் சண்டைகளை நுணுக்கமாகத் தொடர்ந்து, 167-ல் சீரிய ராஜா அந்தியோகஸ் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியது வரை வருகிறது. அவன் சாவைச் சொல்லும் 11:45 மட்டும் நடந்ததோடு பொருந்தவில்லை. அவன் 164-ல் பெர்சியப் பக்கம் இறந்தான். அதனால் தரிசனங்கள் 167-க்கும் 164-க்கும் இடையே இறுதி வடிவம் பெற்றன என்பது பெரும்பாலோர் முடிவு. 1–6-ன் கதைகள் அதைவிடப் பழையவை. பெல்ஷாத்சார் உண்மையில் இருந்தவன் என்பதும், பாபிலோனின் கடைசி ராஜா நபோனிதுசின் மகன் என்பதும் 19-ம் நூற்றாண்டில் ஆப்பெழுத்துப் பட்டயங்களால் தெரியவந்தது. பாபிலோனிய நினைவுகள் அந்தக் கதைகளுக்குள் இருக்கின்றன.

கேள்வி: இஸ்ரவேலைத் தவிர மற்ற நாடுகளில் தீர்க்கதரிசிகள் இருந்தார்களா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருந்தார்கள். யூப்ரடீஸ் கரையின் மாரி நகரத்துக் கடிதங்கள் கி.மு. 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தெய்வ வாக்கு வந்ததும் அதிகாரிகள் ராஜாவுக்கு எழுதி, சொன்னவரின் தலைமயிரையும் ஆடை ஓரத்தையும் சரிபார்ப்புக்காக உடன் அனுப்பியிருக்கிறார்கள். நினிவே ஏடுகளில் அசீரிய ராஜா எசரத்தோன் காலத்து வாக்குகள் பல, சொன்னவர் பெயரும் ஊருமாக ஒரே பலகையில் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. பெண் தீர்க்கதரிசிகள் அதிகம். 1967-ல் யோர்தான் நாட்டில் தேர் அல்லா என்ற இடத்தில், சாந்துச் சுவரில் கறுப்பும் சிவப்புமான மையால் எழுதிய ஒரு வாசகம் கிடைத்தது. எண்ணாகமத்தில் வரும் பேயோரின் குமாரன் பிலேயாமின் தரிசனம் அது. கி.மு. 800-ஐ ஒட்டிய காலம். வாக்கை எழுதிவைப்பதும் தொகுப்பதும் அந்த வட்டாரம் முழுவதற்கும் பொதுவான வழக்கம். ஆனால் தன் ராஜாவையே கண்டித்த வாக்குகளை அந்த ராஜ்யம் அழிந்த பிறகும் படியெடுத்துப் பெரிய புத்தகங்களாக வளர்த்தவர்கள் எபிரேயர்.

கேள்வி: ஆய்வு நூல்களில் "மல்கியா 3:23" என்று வருகிறது. நம் வேதாகமத்தில் அப்படி வசனமே இல்லையே?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: எபிரேய எண்முறை அது. மல்கியா எபிரேயத்தில் மூன்றே அதிகாரம். நம் பழைய தமிழ் வேதாகமத்தின் 4:1–6 அங்கே 3:19–24. ஆகவே உங்கள் வசனம் 4:5. யோவேல் 2:28–32 அங்கே 3:1–5, நம் 3-ம் அதிகாரம் அங்கே 4. ஏசாயா 9:1 அங்கே 8:23. எரேமியா 9:1-ம் அப்படியே 8:23. இந்த நான்கு இடங்களையும் வேதாகமத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.